கடையில் கார்டு கொடுத்த பிறகு கணக்கில் ஏதோ சரியில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

வங்கிக் கிளையில் கார்டு புகார்கள் வந்து சேரும் மேஜையில் பல வருடம் இருந்திருக்கிறேன். ஜவுளிக்கடை, நகைக்கடை, பெட்ரோல் பங்க், ஹோட்டல் என்று இடம் மாறும். கோளாறு மட்டும் திரும்பத் திரும்ப அதே சில வகைதான். பணம் திரும்பாமல் போனவர்களில் பலர் காத்திருந்தவர்கள். “கடைக்காரர் பார்த்துச் சொல்றேன்னார்”, “திங்கட்கிழமை பேங்க் திறக்கட்டும்னு இருந்தோம்”, “பையன் ஊர்ல இருந்து வரட்டும்னு நினைச்சேன்” என்பார்கள். அந்த இடைவெளியில் பணமும் போகிறது, விதிப்படி உங்களுக்கு இருக்கிற பாதுகாப்பும் குறைகிறது.

உங்கள் நிலைமைக்குப் பொருந்தும் தலைப்பை மட்டும் படித்தால் போதும். ஒவ்வொன்றிலும் சாதாரணக் காரணத்தை முதலிலும், பணம் போகக்கூடிய காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

எந்த அறிகுறிக்கும் தேவைப்படும் ஒன்றை இப்போதே செய்துவிடுங்கள். கார்டின் பின்பக்கம் இருக்கும் வங்கி உதவி எண்ணைப் போனில் சேமித்து வையுங்கள். கார்டு தொலைந்தால் அந்த எண்ணும் கூடவே போய்விடும். பதற்றத்தில் கூகுளில் தேடினால் முதலில் வருவது மோசடிக்காரர் போட்டு வைத்த போலி கஸ்டமர் கேர் எண்ணாக இருக்கலாம். அப்படித் தேடி, இருந்த மிச்சப் பணத்தையும் இழந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

அறிகுறி: நான் போகாத கடையின் பெயரில் பணம் எடுத்ததாக எஸ்எம்எஸ் வருகிறது

ஐந்து நிமிடத்தில் இவற்றைச் சரிபாருங்கள். அதற்கு மேல் இதில் நேரம் செலவிட வேண்டாம்.

பெயர் மட்டும் மாறியிருக்கிறதா? கடையின் போர்டில் ஒரு பெயர் இருக்கும், ஸ்வைப்பிங் மெஷின் உரிமையாளர் பெயரிலோ தாய் நிறுவனத்தின் பெயரிலோ பதிவாகியிருக்கும். எஸ்எம்எஸ்ஸில் பதிவான பெயர்தான் வரும். அன்றைக்குக் கடையில் கொடுத்த சார்ஜ் ஸ்லிப்பை எடுத்துத் தொகை, நேரம், கார்டின் கடைசி 4 இலக்கம் ஆகிய மூன்றையும் ஒப்பிடுங்கள். மூன்றும் பொருந்தினால் அது உங்கள் செலவுதான்.

வீட்டில் வேறு யாராவது அதே கார்டையோ, அதே கணக்கின் இன்னொரு கார்டையோ பயன்படுத்தினார்களா? கேட்டுவிடுங்கள்.

எஸ்எம்எஸ் தாமதமாக வந்ததா? சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தால் நேற்றைய எஸ்எம்எஸ் இன்றைக்கு வந்து சேரும். உள்ளே எழுதியிருக்கும் தேதியைப் பாருங்கள்.

எஸ்எம்எஸ்ஸே போலியா? “உங்கள் கார்டில் 24,999 ரூபாய் எடுக்கப்பட்டது, நீங்கள் இல்லையென்றால் இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்” என்று ஒரு சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வந்தால் கூப்பிடாதீர்கள். லிங்கையும் தொடாதீர்கள். வங்கி ஆப்பில் இருப்பைப் பாருங்கள். குறையவில்லை என்றால் யாரோ தூண்டில் போட்டிருக்கிறார்கள்.

இவை எதுவும் இல்லை, இருப்பு உண்மையிலேயே குறைந்திருக்கிறது என்றால் இது மோசடி. இனி காரணம் தேட வேண்டாம், இந்த வரிசைப்படி செய்யுங்கள்.

முதலில் கார்டை நிறுத்துங்கள். ஆப்பில் ‘கார்டு பிளாக்’ என்று இருக்கும். ஆப் இல்லாவிட்டால் சேமித்து வைத்த உதவி எண்ணைக் கூப்பிடுங்கள், அது 24 மணி நேரமும் இயங்கும். ஸ்டேட் பாங்க் டெபிட் கார்டு என்றால் பதிவு செய்த மொபைலிலிருந்து, ஆங்கிலத்தில் பிளாக் என்று எழுதி, இடைவெளி விட்டு, கார்டின் கடைசி 4 இலக்கத்தை 567676-க்கு அனுப்பினாலும் நின்றுவிடும். கார்டை நிறுத்துவதோடு, “இந்தப் பரிவர்த்தனையை நான் செய்யவில்லை” என்று தனியாகப் புகாரும் பதிவு செய்யச் சொல்லுங்கள். பலர் பிளாக் செய்ததோடு விட்டுவிடுகிறார்கள். பிளாக் வேறு, புகார் வேறு. புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதி வையுங்கள்.

அடுத்து 1930. இது தேசிய சைபர் கிரைம் உதவி எண். பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலிருந்து வெளியே எடுக்கப்படுவதற்குள் முடக்க முயல்வார்கள். அதனால் இங்கே மணிக்கணக்குதான் முக்கியம், நாள் கணக்கு கிடையாது. தேசிய சைபர் கிரைம் புகார் தளத்திலும் பதியலாம்.

மறுநாள் கிளைக்குப் போய் எழுத்தில் கொடுங்கள். கணக்கு எண், கார்டின் கடைசி 4 இலக்கம், தேதி, நேரம், தொகை, போன் புகார் எண், “இதை நான் செய்யவில்லை” என்ற ஒரு வரி. இவ்வளவு போதும். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் கிளையை விட்டு வராதீர்கள்.

அவசரத்துக்குக் காரணம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆளால் பணம் போயிருந்தால், வங்கி தெரிவித்ததிலிருந்து 3 வேலை நாளுக்குள் நீங்கள் புகார் செய்தால் உங்கள் நஷ்டம் பூஜ்யம். 4 முதல் 7 வேலை நாள் என்றால் ஓர் உச்சவரம்பு வரை நீங்கள் ஏற்க வேண்டும். சாதாரண சேமிப்புக் கணக்குக்கும் 5 லட்சம் வரை லிமிட் உள்ள கிரெடிட் கார்டுக்கும் அது 10,000 ரூபாய். ஜன் தன் போன்ற அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000. 5 லட்சத்துக்கு மேல் லிமிட் உள்ள கிரெடிட் கார்டுக்கு 25,000. 7 நாளைத் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கை என்ன சொல்கிறதோ அதுதான்.

எஸ்எம்எஸ் வந்த நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், உங்கள் கிளையின் விடுமுறை நாளையும் சேர்க்க வேண்டாம். சனிக்கிழமை எஸ்எம்எஸ் வந்தால், இடையில் வேறு விடுமுறை இல்லாதபட்சத்தில், புதன்கிழமை முடியும் வரை மூன்று நாள். ஆனாலும் போனில் புகார் செய்ய ஞாயிறு தடை இல்லையே, அப்போதே செய்யுங்கள்.

பின் நம்பரையோ ஓடிபியையோ நீங்களே சொல்லிவிட்டிருந்தால், புகார் செய்யும் நிமிடம் வரை போனது உங்கள் பொறுப்பு. புகாருக்குப் பிறகு போவது வங்கியின் பொறுப்பு. “நாமளே சொல்லிட்டோமே, எந்த முகத்தோட போய்க் கேட்கிறது” என்று கூச்சப்பட்டுப் புகாரையே தவிர்ப்பவர்களைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படும். மிச்சப் பணத்தைக் காப்பாற்றவாவது உடனே சொல்லுங்கள்.

அறிகுறி: எஸ்எம்எஸ் எதுவும் வரவில்லை, பாஸ்புக் போடும்போதுதான் தெரிந்தது

பெரியவர்களின் கணக்கில் நான் அதிகம் பார்த்தது இதுதான். காரணமும் பெரும்பாலும் ஒன்றே: வங்கியில் இருப்பது பழைய மொபைல் எண். சிம் மாறியது, ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் எண் போய்விட்டது, அல்லது கணக்கு தொடங்கும்போது உதவிக்கு வந்த உறவினரின் எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். கைவிட்ட எண்ணைத் தொலைபேசி நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். உங்கள் கணக்கின் எஸ்எம்எஸ் அவருக்குப் போய்க்கொண்டிருக்கும்.

ஆதார், பாஸ்புக்கோடு கிளைக்குப் போய் எண்ணை மாற்றுங்கள். அன்றைக்கே கடந்த ஆறு மாத ஸ்டேட்மென்ட் வாங்கி வரி வரியாகப் பாருங்கள். தெரியாத வரி ஒன்றாவது இருந்தால் மேலே சொன்ன வரிசைதான், கார்டை நிறுத்துவதிலிருந்து தொடங்குங்கள். நாள் கணக்கைப் பற்றி வங்கி கேள்வி எழுப்பலாம். அதனால் இந்தப் புகாரைப் போனில் சொல்வதோடு நிறுத்தாமல் எழுத்திலும் கொடுத்து, உங்களுக்கு என்றைக்குத் தெரியவந்தது என்பதையும் குறிப்பிடுங்கள்.

அறிகுறி: மெஷினில் ‘ஃபெயில்’ என்று வந்தது, ஆனால் பணம் கழிந்துவிட்டது

இது பெரும்பாலும் மோசடி இல்லை. கார்டை பிளாக் செய்யத் தேவையில்லை. வங்கியில் பணம் கழிந்த செய்தி கடை மெஷினுக்குத் திரும்பி வருவதற்குள் லைன் விட்டுப்போயிருக்கும்.

ஸ்லிப் வந்ததா என்று பாருங்கள். வரவில்லை, அல்லது ‘டிக்ளைன்’ என்று வந்தது என்றால், பணம் தானாகத் திரும்ப வேண்டும். 2019-ல் ரிசர்வ் வங்கி வைத்த கெடு, பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு 5 நாள். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. நீங்கள் கேட்காமலே வர வேண்டிய தொகை அது. வராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

‘அப்ரூவ்டு’ என்று ஸ்லிப் வந்தும் கடைக்காரர் பணம் வரவில்லை என்கிறாரா? ஸ்லிப்பில் உள்ள 12 இலக்க ஆர்ஆர்என் எண்ணை (அந்தப் பரிவர்த்தனையின் அடையாள எண்) காட்டி, அவருக்கு மெஷின் கொடுத்த வங்கியிடம் கேட்கச் சொல்லுங்கள். இந்த நிலையில் மறுபடியும் கார்டைக் கொடுக்க வேண்டாம்.

பொருள் அவசரமாக வேண்டும், வேறு வழியில் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கொடுங்கள். ஆனால் பில்லில் “ரொக்கம்” என்றோ “யுபிஐ” என்றோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு இரண்டாவது முறை கொடுத்ததை நிரூபிக்க அதுதான் சாட்சி.

ஆறாவது நாளும் வரவில்லையா? அப்போது கிளைக்குப் போகலாம்.

அறிகுறி: இரண்டு முறை கழிந்திருக்கிறது, அல்லது பில்லை விட அதிகம்

இரண்டு எஸ்எம்எஸ் வந்தால் இரண்டு முறை கழிந்தது என்று அர்த்தமில்லை. சில நேரம் ஒரே செய்தி இரண்டு முறை வரும். ஸ்டேட்மென்ட்டில் இரண்டு வரி இருக்கிறதா, ஆர்ஆர்என் எண் வெவ்வேறா என்று பாருங்கள். வெவ்வேறு எண் என்றால் உண்மையிலேயே இரண்டு முறை போயிருக்கிறது.

கடையை விட்டு வருவதற்கு முன் கண்டுபிடித்தால் வேலை சுலபம். கடைக்காரர் அன்றைய கணக்கை மெஷினில் முடிப்பதற்கு முன்னால் ‘வாய்டு’ போட்டு ரத்து செய்யலாம். அந்த ரத்து ஸ்லிப்பைக் கையில் வாங்குங்கள், “சரி பண்ணிட்டேன் சார், போங்க” என்ற வாய்ச்சொல் போதாது. மறுநாள் ஆகிவிட்டால் அது ‘ரீஃபண்ட்’, பல நாள் எடுக்கும்.

லாட்ஜிலோ ஹோட்டலிலோ தங்கியிருந்தால், அட்வான்ஸாகப் பிடித்து வைத்த தொகையும் கடைசி பில்லும் தனித்தனியாகத் தெரியும். பிடித்து வைத்தது சில நாளில் தானாக விடுபடும். கிளம்பும்போதே கவுன்டரில் கேட்டுவிடுவது நல்லது.

பெட்ரோல் பங்கில் கிரெடிட் கார்டு கொடுத்துக் கொஞ்சம் கூடுதலாகக் கழிந்திருந்தால் அது எரிபொருள் சர்சார்ஜ் என்ற கூடுதல் கட்டணம். பல கார்டுகளில் அது பிறகு திரும்ப வரும், அதற்குப் போட்ட ஜிஎஸ்டி வராது.

1,250-க்குப் பதில் 12,500 போயிருக்கிறதா? பெரும்பாலும் அவசரத்தில் ஒரு பூஜ்யம் கூட அழுத்தியதுதான். தீபாவளிக் கூட்டத்தில் பில் போடுகிறவருக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. ஆனால் வேண்டுமென்றே செய்கிறவர்களும் இருக்கிறார்கள், பார்த்தவுடன் பிரித்துச் சொல்ல முடியாது. பின் நம்பர் அழுத்தும் முன் மெஷின் திரையில் தொகையைப் படியுங்கள். திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. தப்பாகப் போய்விட்டது, கடை திருப்பித் தர மறுக்கிறது என்றால் பில், ஸ்லிப் இரண்டையும் வைத்து வங்கியில் ‘டிஸ்ப்யூட்’ படிவம் கொடுங்கள். ஸ்லிப் இல்லாமல் இந்த வழக்கு நிற்பது கஷ்டம்.

“கார்டுன்னா 2 பர்சென்ட் எக்ஸ்ட்ரா” என்று பில்லிலேயே சேர்த்திருந்தால், டெபிட் கார்டுக்கு அப்படி வாங்கக் கூடாது. கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், கேட்கவில்லை என்றால் யுபிஐயில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அறிகுறி: பர்ஸில் இருக்கும் கார்டில் வேறொருவர் பெயர்

அவசரமான நிலை. கூட்டத்தில் தவறுதலாக மாறியிருக்கலாம், உண்மைதான். ஆனால் உங்கள் பின் நம்பரைப் பார்த்துவிட்டு, அதே வங்கியின் அதே நிறக் கார்டைத் திருப்பிக் கொடுப்பது ரொம்பப் பழைய திருட்டு. ஏடிஎம்மில் “உதவி” செய்கிறவர்களும் இதையே செய்கிறார்கள். எது என்று யோசிக்க வேண்டாம். முதலில் பிளாக் செய்யுங்கள், பிறகு கடைக்குப் போன் போடுங்கள். தவறுதலாக மாறியிருந்தால் உங்களுக்கு நஷ்டம் ஒரு புதுக் கார்டுக்கான கட்டணம் மட்டும்.

கையில் இருக்கும் அடுத்தவர் கார்டை அந்த வங்கியின் கிளையில் ஒப்படையுங்கள். அதற்குள் உங்கள் பணம் எடுக்கப்பட்டிருந்தால், ஒப்படைக்கும் முன் அந்தக் கார்டைக் காவல் நிலையத்தில் காட்டிப் புகார் கொடுத்து, சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று) வாங்குங்கள்.

பெயர் அச்சிடாத கார்டுகள் நிறைய வந்துவிட்டன. அதனால் கடைசி 4 இலக்கத்தை மனதில் வையுங்கள், திரும்ப வாங்கும்போது அதைப் பார்த்து வாங்குங்கள்.

அறிகுறி: கார்டைக் காணோம், 800, 1,500 என்று சின்னச் சின்னத் தொகையாகப் போகிறது

வைஃபை குறி போட்ட கார்டு என்றால் 5,000 ரூபாய் வரை பின் நம்பர் இல்லாமல் மெஷினில் காட்டியே பணம் எடுக்கலாம். 2,000 ஆக இருந்த வரம்பு 2021 ஜனவரியில் உயர்ந்தது. கார்டு கிடைத்தவருக்கு இது போதும், உங்கள் பின் தெரிய வேண்டியதில்லை. உடனே பிளாக் செய்துவிட்டு முதல் தலைப்பின் வரிசையைப் பின்பற்றுங்கள்.

“பஸ்ல பக்கத்துல நின்னு பாக்கெட்டுக்கு மேலயே மெஷினை வெச்சு எடுத்துட்டாங்களா?” என்று நிறையப் பேர் கேட்பார்கள். மெஷின் என்றால் அதன் பின்னால் வங்கியில் பதிவான ஒரு வியாபாரியின் கணக்கு இருக்கும். பணம் போன தடம் அப்படியே தெரியும். நான் அஞ்சுவது தொலைந்த கார்டைப் பற்றித்தான்.

காட்டிப் பணம் கட்டும் வசதியை நீங்கள் பயன்படுத்துவதே இல்லை என்றால் அணைத்து வையுங்கள். கடை, ஏடிஎம், ஆன்லைன், வெளிநாடு, டேப் (மெஷினில் காட்டுவது) என ஒவ்வொன்றையும் தனித்தனியாக அணைக்கவும் வரம்பு குறைக்கவும் வசதி தர வேண்டும் என்பது 2020-லிருந்து ரிசர்வ் வங்கியின் விதி. வெளிநாட்டுப் பயன்பாட்டை முதலில் அணையுங்கள். கடையில் கார்டின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்துவிட்டால், ஓடிபி கேட்காத வெளிநாட்டுத் தளங்களில்தான் அது முதலில் விலை போகும்.

அறிகுறி: கடையில் நடப்பதே சரியாகப் படவில்லை

“சிப் எடுக்கலை, தேய்ச்சுப் பார்க்கிறேன்.” சிப்பில் அழுக்கு இருக்கலாம். மெல்லிய துணியால் துடைத்து மறுபடி செருகச் சொல்லுங்கள். வேறு மெஷினில் பாருங்கள். எதிலும் எடுக்கவில்லை என்றால் சிப் தேய்ந்துவிட்டது, கார்டை மாற்ற வேண்டிய நேரம். தேய்ப்பதைக் கடைசி வழியாகக்கூட நான் பரிந்துரைப்பதில்லை. பின்னால் இருக்கும் கறுப்புப் பட்டையில் உள்ளதை நகலெடுப்பது சுலபம், சிப்பை நகலெடுப்பது அப்படி இல்லை. அன்றைக்கு யுபிஐயிலோ ரொக்கமாகவோ கொடுங்கள்.

மெஷினில் ஒரு முறை போட்டபின், பில் போடும் கம்ப்யூட்டரிலும் ஒரு முறை தேய்க்கிறார்கள் என்றால் நிறுத்தச் சொல்லுங்கள். அது அனுமதிக்கப்பட்டதல்ல.

கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போகிறார்கள் என்றால் மெஷினை இங்கே கொண்டுவரச் சொல்லுங்கள், அல்லது நீங்களே எழுந்து கவுன்டருக்குப் போங்கள். பங்கில் “பின் நம்பர் சொல்லுங்க சார்” என்று கேட்டால் வண்டியை விட்டு இறங்கி நீங்களே அழுத்துங்கள், இன்னொரு கையால் மறைத்து. கேட்கிற பையன் நல்லவனாகவே இருக்கலாம். பின்னால் நிற்கும் வண்டிக்காரர் காதிலும் அது விழுகிறதே!

ஏற்கெனவே பின் நம்பரைச் சொல்லிவிட்டீர்கள், பணம் எதுவும் போகவில்லை என்றால் பிளாக் வேண்டாம். இன்றே ஏடிஎம்மிலோ ஆப்பிலோ பின்னை மாற்றுங்கள். கார்டு கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்வந்தது, பின்னும் தெரிந்திருக்கலாம் என்றால் புதுக் கார்டே கேளுங்கள்.

அறிகுறி: கடையில் வாங்கிய ஓரிரு நாளில் “பேங்க்ல இருந்து பேசுறோம்” என்று போன்

எங்கே, என்ன வாங்கினீர்கள் என்றுகூடச் சரியாகச் சொல்வார்கள். பில்லுக்குக் கொடுத்த மொபைல் எண்ணிலிருந்தே இது கசியலாம். வங்கி ஒருபோதும் பின், ஓடிபி, பின்பக்க மூன்று இலக்கம் கேட்காது. வைத்துவிட்டு, சேமித்த உதவி எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். ஏதாவது சொல்லிவிட்டிருந்தால் பிளாக், 1930.

அறிகுறி: புகார் கொடுத்தும் வங்கியில் அசைவு இல்லை

புகார் செய்த 10 வேலை நாளுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாக உங்கள் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். தவறு உங்களுடையது என்று வங்கி சொன்னால் அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். கிளையில் “பின் போட்டுத்தான் எடுத்திருக்காங்க, ஒண்ணும் பண்ண முடியாது” என்று வாயால் சொன்னால், அதையே எழுத்தில் கேளுங்கள். கேட்டதும் பேச்சு மாறுவதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

30 நாளில் பதில் இல்லை, அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ரிசர்வ் வங்கியின் சிஎம்எஸ் என்ற புகார்த் தளத்தில் பதியலாம், சந்தேகத்துக்கு 14448-ல் கேட்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். முத்திரை வாங்கிய புகார் நகல், போன் புகார் எண், 1930 புகார் எண், எஸ்எம்எஸ் ஸ்கிரீன்ஷாட், அந்த மாத ஸ்டேட்மென்ட், கடை சம்பந்தப்பட்டிருந்தால் சார்ஜ் ஸ்லிப் ஆகியவற்றைத் தேதி வரிசையில் சேர்த்து அனுப்புங்கள். ஸ்லிப்பில் எழுத்து சில மாதத்தில் வெளிறிவிடும். அதனால் வாங்கிய அன்றைக்கே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.